அலுவலகத்தில் கிட் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மலைப்பகுதி அலுவலகங்களுக்கான குறிப்புகளுடன்

குன்னூரில் பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்குக்கும் சிறு விவசாயிகளுக்கான பணப் பட்டுவாடாவுக்கும் மென்பொருள் எழுதித் தரும் ஐந்தாறு பேர் கொண்ட ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 'புதியது', 'கடைசி', 'கடைசி 2' என்று பெயரிட்ட கோப்புறைகளில் நிரல்களை வைத்துச் சமாளித்து வந்தவர்கள், கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளுக்கு ஒரு நாள் மாறத் தீர்மானிக்கிறார்கள். நிறுவுவது சில நிமிட வேலைதான். ஆனால் மூலப் பிரதி எந்தக் கணினியில் இருக்க வேண்டும், யார் எந்தப் பெயரில் பதிய வேண்டும், எவையெல்லாம் உள்ளே போகக் கூடாது என்ற முடிவுகளும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே யாரும் யோசிக்காமல் எடுக்கப்பட்டுவிடுகின்றன. பின்னாளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மிகப் பரவலான தவறு, மூல ரெப்பாசிட்டரியை, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் அடங்கிய களஞ்சியத்தை (சுருக்கமாக ரெப்போ), கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைப்பது. இணையத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கிட் தன் வரலாற்றை ஒரே கோப்பில் வைப்பதில்லை. டாட் கிட் (.git) என்ற கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகப் பிரித்து வைத்து, அவை ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதை நம்பியே இயங்குகிறது. ஒத்திசைவு மென்பொருளுக்கோ அந்தப் பொருத்தம் தெரியாது. தனக்கு வசதியான வரிசையில் அவற்றை ஏற்றி இறக்கும். இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தால், முரண்பட்ட நகல் என்ற பெயரில் புதிய கோப்புகளையும் உள்ளே உருவாக்கிவிடும். இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களில் பாதிக் கோப்புகள் ஏறி மீதி ஏறாமல் நிற்பது இயல்பு என்பதால், சமவெளியில் எப்போதாவது நேரும் சேதம் இங்கே அடிக்கடி நேரலாம்.

அதற்கு மாற்றாக, அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியைச் சர்வராக ஒதுக்குவது நல்லது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அணுகினாலே போதும். திரையில் பார்த்துக் கையாள விரும்புவோர் கிட்டீ என்ற எளிய மென்பொருளை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். இதே வேலைக்குப் பல ஜிபி நினைவகம் கேட்கும் கிட்லாப் என்ற மென்பொருளைப் பழைய கணினியில் ஏற்றி, அது திணறுவதைப் பார்த்துவிட்டு, கிட்டே வேகமற்றது என்று முடிவு கட்டுவது தவறு. சர்வரில் உள்ள மூல ரெப்போவை 'பேர்' வகையாக, அதாவது வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ளதாக உருவாக்க வேண்டும். சாதாரண ரெப்போவாக அமைத்துவிட்டால், அதில் திறந்திருக்கும் கிளைக்கு, அதாவது தனியாக வளரும் வேலைத் தொடருக்கு, புஷ் செய்வதை (நம் கணினியில் பதிந்தவற்றை அனுப்புவதை) கிட் இயல்பாகவே மறுத்துவிடும். அந்த மறுப்பை அமைப்புகளில் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்போது புஷ் நடந்துவிடும், ஆனால் சர்வரில் உள்ள கோப்புகள் பழையபடியே கிடக்கும். அந்தக் கணினியில் உட்கார்ந்து ஒருவர் கவனிக்காமல் கமிட் செய்தால், அதாவது மாற்றங்களை வரலாற்றில் பதிந்தால், மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்களை நீக்கிய பதிப்பே புதியதாகப் பதிவாகும்.

பகிர்ந்த கோப்புறையில் ரெப்போவை வைத்திருப்போருக்கு 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து இன்னொரு தடை எதிர்ப்படும்: கோப்புறையின் உரிமையாளர் வேறொருவராக இருந்தால் கிட் அதைத் திறக்க மறுக்கும். பிறர் ஒளித்துவைத்த கட்டளைகள் நம் கணினியில் ஓடாமல் தடுப்பதற்காக வந்த பாதுகாப்பு இது. இணையத்தில் கிடைக்கும் விடையைப் பார்த்து, எல்லாக் கோப்புறைகளும் நம்பத்தக்கவை என்று நட்சத்திரக் குறி போட்டு வாயடைப்பதைவிட, தேவையான ஒரே பாதையை மட்டும் நம்பத்தக்கதாக அறிவிப்பதே சரி.

அடுத்தது மின்சாரம். தென்மேற்குப் பருவமழையிலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை கொட்டும்போதும், கம்பிகள்மேல் மரம் விழுந்து மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போவது நீலகிரியில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கமிட் நடந்துகொண்டிருக்கும் கணத்தில் கணினி அணைந்தால், எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு வெற்றுக் கோப்பாக நின்றுவிடக்கூடும். மறுநாள் காலையில் ஆப்ஜெக்ட் கோப்பு (கிட் தன் வரலாற்றை வைக்கும் சிறு கோப்புகளில் ஒன்று) காலியாக இருப்பதாகப் பிழைச்செய்தி வரும். பதறிப்போய் டாட் கிட் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. இன்னும் புஷ் செய்யாத வேலை முழுவதும் அதோடு போய்விடும். முதலில் அந்தக் கோப்புறையை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, ரெப்போவைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையால் எந்த ஆப்ஜெக்ட் கெட்டிருக்கிறது என்று கண்டறிந்து, காலிக் கோப்பை நீக்கி, அதே ஆப்ஜெக்ட் சக ஊழியர் ஒருவரின் ரெப்போவில் இருந்தால் அங்கிருந்து எடுத்து வைக்கலாம். சர்வருக்கு யுபிஎஸ் மட்டும் இருந்தால் போதாது. பேட்டரி தீர்வதற்குள் கணினி தானாக முறைப்படி அணையும்படி யுபிஎஸ்ஸைக் கணினியோடு இணைத்து அமைக்க வேண்டும். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். கமிட்டுகளில் பொய்யான தேதி பதிவாவதோடு பாதுகாப்பான இணைப்புகளும் தோற்கத் தொடங்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிட்டா, இதே வேலைக்கான சப்வர்ஷன் என்ற மற்றொரு மென்பொருளா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றையும் வைக்கிறது. ஆகவே மண்சரிவில் கேபிள் அறுந்து இணையம் போனாலும் கமிட் செய்வது நிற்பதில்லை. சப்வர்ஷனில் ஒவ்வொரு கமிட்டுக்கும் சர்வர் கைக்கெட்ட வேண்டும். சர்வரைக் கோயம்புத்தூரிலோ வெளியூர்த் தரவு மையத்திலோ வைத்துவிட்டுச் சப்வர்ஷனைத் தேர்ந்தெடுத்தால், இணைப்புப் போன நாளில் பதிவும் போகும். ஆனால் சர்வர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து, எக்செல் கோப்புகளும் படங்களுமே வேலையில் அதிகம் என்றால், ஒருவர் திருத்தும்போது மற்றவர் கைவைக்காதபடி பூட்டும் வசதி இயல்பாகவே உள்ள சப்வர்ஷனை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

விண்டோஸில் நிறுவும்போது வரும் திரைகளை வரிசையாக 'நெக்ஸ்ட்' அழுத்திக் கடந்துவிடுவதும் கூடாது. இயல்பு எடிட்டராக விம் என்ற மென்பொருள் அமர்ந்துவிடும். பழகாதவருக்கு அதிலிருந்து வெளியே வரவே தெரியாது. வரி முடிவுக் குறிகளைப் பற்றிய திரையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்தால், ஒரே ஒரு சொல்லைத் திருத்திய கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். ஆளாளுக்கு அமைப்பதை விட்டு, கோப்புகளைக் கையாளும் விதியை எழுதும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை ரெப்போவிலேயே வைத்து விதியைப் பொதுவாக்கிவிடலாம். பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் முதல் கமிட்டுக்கு முன்பே அமைத்துவிட வேண்டும். மற்றவர்களோடு பகிர்ந்த பிறகு பழைய கமிட்டுகளில் அவற்றை மாற்றினால் எல்லோருடைய வரலாற்றையும் கலைத்து அடுக்க நேரும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போருக்கு நேரும் குழப்பம் தனி. 'விலைப்பட்டியல்' என்று பெயரிட்ட கோப்பைக் கிட், சாய்கோடுகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாகக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி ஆங்கிலப் பெயருக்கு மாற்றுகிறார்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கோர் கோட்பாத் என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழ் எழுத்துகள் அப்படியே தெரியும். உள்ளடக்கத்தில் இருக்கும் சிக்கல் இதைவிட ஆழமானது. பழைய விண்டோஸ் நோட்பேடில் 'யூனிகோடு' என்று தேர்ந்து சேமித்த கோப்பு யுடிஎஃப்-16 குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கோப்பில் எண்களாகப் பதியும் ஒரு முறையில்) இருக்கும். கிட் அதை உரையாகக் கருதாது. எந்த வரி மாறியது என்று காட்ட முடியாமல், கோப்பு மாறியது என்று மட்டும் சொல்லும். ரசீதில் அச்சாகும் தமிழ் வாசகங்களை யுடிஎஃப்-8 ஆக மாற்றிவிட்டுப் பிறகு ரெப்போவில் சேர்ப்பது நல்லது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வாசகங்களுக்கும் இதே அறிவுரைதான். இல்லையேல் ஒப்பிட்டுப் பார்க்கும் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

எதை உள்ளே விடக் கூடாது என்பதில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் அடங்கிய தரவுத்தள நகல், சோதனைக்கு வசதி என்பதற்காக நிரலோடு சேர்ந்து ரெப்போவுக்குள் போய்விடுகிறது. பாஸ்வேர்டு எழுதிய அமைப்புக் கோப்பும் கூடவே போகிறது. பிறகு கவனித்து அழித்தால், இன்றைய பதிப்பிலிருந்துதான் அவை மறையும். பழைய கமிட்டைத் திறப்பவர் எவரும் படிக்கலாம். சேர்க்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் பெயரைச் சேர்ப்பதும், ஏற்கெனவே பதிவாகிக் கொண்டிருக்கும் கோப்பைத் தடுக்காது. பாஸ்வேர்டு ஒருமுறை உள்ளே போனால் அது வெளியானதாகவே கொண்டு உடனே மாற்ற வேண்டும்; வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கு அடுத்த வேலை. பிறர் நம்பிக் கொடுத்த விவரங்களைப் பொறுத்தவரை இதில் சமரசமே கூடாது.

கமிட் செய்தியில் 'மாற்றம்', 'சரிசெய்தது' என்று எழுதுவதையும் முதல் நாளிலிருந்தே தடுக்கலாம். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைக் கணக்கிடும் கோப்பையே பாருங்கள். ஈரத்துக்கான எடைக் கழிவை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு விவசாயி வந்து, தன் பட்டுவாடா ஏன் குறைந்தது என்று கேட்கிறார். 'மழைக்கால ஈரக் கழிவு விகிதம் மாற்றப்பட்டது, தொழிற்சாலை மேலாளரின் கடிதப்படி' என்ற ஒரு வரி இருந்தால் பதில் உடனே கிடைக்கும்.

ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதி இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்ற நம்பிக்கையும் தவறு. யாரும் கீழிறக்காத கிளைகளும், கிட்டீயில் பதிந்த பயனர் விவரங்களும் விவாதங்களும் அந்தப் பிரதிகளில் இரா. எல்லாக் கிளைகளும் அடங்கிய மிரர் வகைப் பிரதி ஒன்றை நாள்தோறும் எடுத்து, கிட்டீயின் தரவையும் சேர்த்து, வேறு கட்டடத்தில், முடிந்தால் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே வேறு ஊரில் வைக்கலாம். மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பிலிருந்து வெறுங்கணினி ஒன்றில் குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து), நிரல் இயங்குகிறதா என்று பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்; அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.