இடிந்த கடலோரக் காவல் கோபுரம்: உள்ளே நுழையும் முன் வெளியே சுற்றுங்கள்

பழைய கடலோரக் காவல் கோபுரங்கள் பெரும்பாலும் கடலுக்குள் நீண்ட முனைகளில் நிற்பவை. ஆகவே முதல் ஆபத்து கோபுரமல்ல, வழி. கடல்நீர் ஏறும்போது மூழ்கும் பாதையானால், நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, வற்றிய ஒரு மணி நேரத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் கடலில் நீர் ஒரே சீராக ஏறாது. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான். இரண்டாவதில் இரண்டு பங்கு. மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று. முதல் மணியின் மெதுவை நம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிலம் யாருடையது, உள்ளே போக அனுமதி உண்டா என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

கோபுரத்தை அடைந்ததும் அதன் உயரமளவுக்குத் தள்ளி நின்று ஒரு முழுச் சுற்று வாருங்கள். கடலைப் பார்த்த பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். காரைக்குள் ஊறிய உப்பு, காயும்போது படிகமாகி நுண்துளைகளை உடைக்கிறது. விரலால் தேய்த்தாலே காரை மாவாக உதிர்ந்தால் அந்தச் சுவரில் சாய வேண்டாம். கீழே கிடக்கும் கற்களையும் பாருங்கள்: பாசி படியாத வெளுத்த முகம் தெரிந்தால் அவை அண்மையில் விழுந்தவை. அன்று வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே சரி.

தரைமட்டத்தில் தெரியும் ஓட்டையை வாசல் என்று நினைக்காதீர்கள். இத்தகைய கோபுரங்களில் பலவற்றின் உண்மையான வாசல் சில மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏணி வைத்து ஏறி, பிறகு அதை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மத்தியதரைக் கடல் தீவான கோர்சிகாவில், இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் 16ஆம் நூற்றாண்டில் கட்டியவற்றிலும் இதே ஏற்பாடுதான். கீழே உள்ள ஓட்டை பெரும்பாலும் பின்னாளில் கல் எடுக்கப் பெயர்த்தது. அதன் மேல் வளைவோ உத்தரக்கல்லோ இல்லாவிட்டால் மேலுள்ள கற்கள் வெறுமனே தொங்குகின்றன என்று பொருள்.

பராமரித்த வாசல் வழியே போனாலும் கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். அடித்தளத்தில் மழைநீர்த் தொட்டி இருந்திருக்கலாம். அதன் வாயைச் செடி மூடியிருக்கும். டார்ச்சால் தரையைப் பார்த்தபடி அடி வையுங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால் மரத்தளத்தின் உத்திரங்கள் அங்கே நுழைந்திருக்கலாம். பறவைகள் கத்திக்கொண்டு வட்டமடித்தால் கூடு இருக்கிறது, வெளியேறுங்கள்.

கைப்பிடி போட்ட படிக்கட்டு இல்லையென்றால் மேலே ஏறாதீர்கள். பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை: கோபுரத்தின் அடி கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டரில் இருந்தால் அங்கிருந்து தொடுவானம் சுமார் 18 கிலோமீட்டர், உச்சி 36 மீட்டரில் இருந்தால் 21. அடியில் நின்றே அடுத்த முனையைத் தேடலாம். பகலில் புகை, இரவில் நெருப்பு என்று செய்தி கைமாறிய கோபுரம் அங்கே இருக்கக்கூடும். பைனாகுலர் கொண்டுபோங்கள், மழை ஓய்ந்த மறுநாள் காலையில் தெளிவாகத் தெரியும், உச்சிவெயிலில் மூட்டம்தான்.