வட ஆற்காட்டில் ஓர் ஊரின் குடியேற்ற வரலாற்றைத் தேடி எழுதும் முறை

தம் ஊரின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் சோழ மன்னனிடமிருந்தோ தல புராணத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். அது தலைகீழான வழி என்பதே என் அனுபவம். வட ஆற்காட்டில், அதாவது வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், முதலில் வந்து குடியேறியவர்களின் சுவடு கோயிலைவிட ஏரியிலும் வாய்க்காலிலும் சர்வே எண்களிலும்தான் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஆகவே இன்றைய ஆவணத்தில் காலூன்றிப் படிப்படியாகப் பின்னோக்கிப் போவதே சரி.

அமெரிக்காவில் நம் மாவட்டம் போன்ற கிராமப்புறக் கவுண்டி ஒன்றின் வரலாற்றை எழுதுகிறவருக்கு இந்த வேலை ஓரளவு எளிது. கன்சாஸ் போன்ற மாநிலங்களில் அரசு நிலத்தை ஆறு மைல் சதுரமுள்ள டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் அளந்தார்கள். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கேட்டு, ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து உழுதவரின் பெயரைத் தேதியோடு பதிந்தார்கள். ஆனால் அதற்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்த கான்சா, ஓசேஜ் மக்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. நம் பதிவேடுகளிலும் இதே குறை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் வருவாய் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், மண் வகை, தீர்வை (நிலவரி), பரப்பு எனக் கட்டம் கட்டமாக இருக்கும். பட்டாதாரர் பெயரைத் தேடும் அவசரத்தில் பாசன ஆதாரக் கட்டத்தைத் தாண்டிவிடாதீர்கள். ஏரிப் பாய்ச்சலில் உள்ள எண்களை வரைபடத்தில் பச்சையில் தீட்டினால், எந்த மதகின் கீழ் முதலில் கழனி திருத்தினார்கள், எது பிற்காலத்தில் கிணறு வெட்டிச் சேர்த்த கொல்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘நத்தம்’ (குடியிருப்பு நிலம்) என்று எழுதப்பட்ட ஓர் எண்ணில் இன்று ஒரு வீடும் இல்லையென்றால், அங்கே நேரில் போய்ப் பாருங்கள். மண்மேடும் பானை ஓடுகளும் கிடந்தால், ஊர் ஒரு காலத்தில் அங்கே இருந்து பிறகு இடம் மாறியிருக்கலாம்.

அடுத்து ஏரிக்கரையில் ஒரு நாள் செலவிடுங்கள். கூடவே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எந்த மதகு பழையது, ஏரி நிரம்பிக் கோடி போனால் (வழிந்தால்) தண்ணீர் எந்த ஊர் ஏரிக்குப் போகும் என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளில் இந்தக் கேள்வி மிக முக்கியம். ஏரியை நம்பியே ஊர் நின்றதற்குக் காவேரிப்பாக்கம் நல்ல சான்று. அந்தப் பெரிய ஏரியை நம்பி நின்ற ஊர், பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரால் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகளில் வழங்குகிறது.

ஊர்ப்பெயரைக் கையாளும்போது நிதானம் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் பெயருக்கு ஒரு கதை உண்டு. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சான்றாக்கிக் காலம் குறிக்காதீர்கள். ஆம்பூரில் கிடைத்த நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பன் என்ற அரசனின் படை மாடு பிடிக்க வந்தபோது பொருது மாண்ட வீரர்களைச் சொல்லும் அந்தக் கற்கள் ஊரின் பெயரை ‘ஆமையூர்’ என்றே குறிக்கின்றன. பொன்னை ஆற்றங்கரை மேல்பாடிக்கு வீரநாராயணபுரம் என்றொரு பெயர் இருந்தது. முதலாம் இராசராசன் அதை இராசாச்ரயபுரம் என்று மாற்றினான். இன்று இரண்டு பெயரும் ஊரார் வாயில் இல்லை, மேல்பாடி என்பதே நிலைத்திருக்கிறது. அரசு சூட்டிய பெயரையும் மக்கள் வழங்கிய பெயரையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கல்வெட்டுக்கு, தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பாருங்கள். 1890இல் வந்த முதல் தொகுதியிலேயே வேலூர், விரிஞ்சிபுரம், பொய்கை, படைவீடு ஊர்களின் வாசகங்கள் உள்ளன. விரிஞ்சிபுரக் கல்வெட்டு ஒன்று குடியேற்ற வரலாற்றுக்குப் பொன் போன்றது. சக ஆண்டு 1347இல், படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் பெண்ணுக்குப் பொன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது, கன்னிகாதானமாகவே மணம் முடிக்க வேண்டும் என்று உடன்பட்டதை அது சொல்கிறது. அதில் கையெழுத்திட்டவர்களைக் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் (குஜராத் பக்கத்து இலாட நாட்டார்) என்று வரிசைப்படுத்துகிறது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் பொது ஆண்டு 1425 வரும். அன்றே இங்கு எத்தனை மொழி பேசியவர்கள் குடியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் ஊர்க் கல் இன்னும் பதிப்பிக்கப்படாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் நடுகல் ஒன்று துணி துவைக்கும் கல்லாகக் கிடந்ததைச் சிறுவயதில் பார்த்தேன். நாங்கள் போய்க் கேட்பதற்குள் எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. அப்படிப்பட்ட கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பும் பெயின்டும் பூசாதீர்கள். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது தண்ணீர் தெளித்துப் படமெடுத்தால், உச்சி வெயிலில் தெரியாத எழுத்தும் புடைத்துத் தெரியும். படத்தைத் தொல்லியல் துறைக்கு அனுப்பிவையுங்கள்.

பழைய காகிதங்களைத் தேடும்போது மாவட்ட எல்லையை மறக்கக் கூடாது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது. 1989இல் திருவண்ணாமலையும், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போது, நீங்கள் தேடும் ஆண்டில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில், எந்த தாலுகாவில் இருந்தது என்று சொல்லிக் கேளுங்கள். 1980இல் கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவி ஒழிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய கணக்குகள் இருந்தால் வாங்கிச் செல்லாமல் அங்கேயே அமர்ந்து படியெடுங்கள்.

இனி, பதிவேடு விட்டுவிட்டவர்கள். பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் ஏரியை வெட்டினார்கள், கரையைக் காத்தார்கள். சேரிக்கும் ஊருக்கும் நடுவே உள்ள பாதை, சேரிக்காரர் தண்ணீர் எடுத்த இடம், சுடுகாடு ஆகியவற்றை வரைபடத்தில் தவறாமல் குறியுங்கள். ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் பஞ்சமி நிலம் என்பதற்கான அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய நிலங்கள் அவை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சங்கடமாக இருந்தாலும் எழுதுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே அது கல்லில் கண்டதா, பதிவேட்டில் கண்டதா, வாய்மொழியாகக் கேட்டதா என்று குறித்துவிடுங்கள். சொன்ன பெரியவரின் வயதையும் நாளையும் சேர்த்தெழுதுங்கள். சான்று கிடைக்காத நூற்றாண்டுகளுக்குப் பக்கத்தில் வெற்றிடம் விடுங்கள். வேறொருவர் கையில் ஒரு பழைய அடங்கலோ (பயிர்க் கணக்கோ) ஒரு கல்லின் படமோ கிடைக்கும்போது அதை நிரப்பிக்கொள்வார்.