சித்தப்பாவோட பிஸ்கட் டப்பா: பழைய ஃப்ளாப்பியில கெடக்கிற தமிழ யூனிகோடுக்கு கொண்டு வர்றது எப்படி

போன தை மாசம் கும்பகோணத்துல சித்தப்பா வீட்ட காலி பண்றப்ப பரண் மேல ஒரு பிஸ்கட் டப்பா கெடச்சுது. உள்ள 11 ஃப்ளாப்பி, ஒரு சிடி, மேல போட்டிருந்த ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப் போயிருந்துச்சு. சித்தப்பா 90கள்ல டிடிபி சென்டர் வச்சிருந்தவர், பகல்ல கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கும்பாபிஷேக மலர்னு அடிச்சுக் குடுப்பார், ராத்திரி ஷட்டர இறக்கிட்டு எங்க ஊர்க் கதைய எழுதிட்டு இருந்தார். தம்பி டப்பாவ தூக்கிக் காட்டி "அண்ணா இத குப்பையில போட்டுரவா, இதெல்லாம் இப்ப எதுல ஓடும்"னான். நான் 1978ல கார்டு பஞ்ச் பண்ற (கம்ப்யூட்டர் படிக்கிறதுக்காக அட்டையில ஓட்டை போடற) ரூம்ல வேலைக்கு சேந்து, 2014ல ரிட்டயர் ஆனவன். கார்டு, டேப்பு, மூணு சைஸ் ஃப்ளாப்பி, சிடி எல்லாம் வந்து போனத பாத்தாச்சு. அந்த அனுபவத்துல சொல்றேன், எழுதினது அவ்ளோ சீக்கிரம் சாகாது, அத படிக்கிற சாமான்தான் மொதல்ல சாகும். மொதல்ல ட்ரைவ் போகும், அப்புறம் சாஃப்ட்வேர் போகும், நம்ம தமிழுக்கு மட்டும் எக்ஸ்ட்ராவா ஃபான்ட்டும் போகும். அதே வரிசையில ஒவ்வொரு பூட்டா தொறந்து, கடைசியா எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாத்தணும், அவ்வளவுதான்.

எதையும் மெஷின்ல போடறதுக்கு முன்னாடி நம்பர் போடுங்க. ஒவ்வொரு ஃப்ளாப்பி லேபிளையும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு ஓரத்துல 1, 2, 3ன்னு எழுதுங்க. இது என்ன பெரிய வேலைன்னு நெனைக்காதீங்க. சேந்த புதுசுல கோபால் (COBOL)ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதின ஒரு புரோகிராம, ஐநூறு கார்டுக்கு மேல இருக்கும், கட்டா தூக்கிட்டு போறப்ப காரிடார்ல கால் இடறி மொத்தத்தையும் கொட்டிட்டேன். 80 காலம் (column, நெட்டு வரிசை) உள்ள கார்டு அது, அதுல மொத 6 காலம் வரிசை எண்ணுக்குன்னே ஒதுக்கினது, நான் சோம்பேறித்தனமா அத வெறுமனே விட்டிருந்தேன். நம்பர் மட்டும் இருந்திருந்தா சார்ட்டர் மெஷின்ல போட்டு அடுக்கியிருக்கலாம், இல்லாததால ரெண்டு நாள் தரையில உக்காந்து கையால அடுக்கினேன். அன்னைலேருந்து நம்பர் போடாம நான் எதையும் தொடறதில்ல.

அடுத்து பூஞ்சை. ஃப்ளாப்பியோட இரும்பு ஷட்டர கட்டைவிரலால ஒதுக்கிட்டு உள்ள இருக்கிற பழுப்புத் தகட்ட வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க. நடுவுல இருக்கிற உலோக வட்டத்த சுத்தினா தகடும் சுத்தும், மொத்தமா ஒரு ரவுண்டு பாத்துருங்க. சித்தப்பாவோட 11ல 4ல வெள்ளை வெள்ளையா புள்ளி இருந்துச்சு, காவேரிக்கரை ஈரம் வேற என்ன பண்ணும். அத அப்படியே ட்ரைவ்ல சொருகினா, தகட்ட தொட்டுப் படிக்கிற ஹெட்டு அந்தப் பூஞ்சைய வாரிப் பூசிக்கிட்டு அடுத்து போடற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிரும். அதனால நல்லத எல்லாம் மொதல்ல படிச்சு முடிங்க, பூஞ்சை புடிச்சத கடைசிக்கு வைங்க. ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல லேசா நனைச்ச காதுக்குச்சியால தகட்ட மெதுவா சுத்திக்கிட்டே தொடச்சு, நல்லா காஞ்சப்புறம் போடணும். சோப்புத்தண்ணி, டெட்டால் எல்லாம் கிட்டவே கொண்டு போகாதீங்க.

மூணரை இஞ்ச் ஃப்ளாப்பிக்கு யூஎஸ்பி ட்ரைவ் இன்னும் ஆன்லைன்ல கெடைக்குது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா பழசும் கெடைக்கும். போடறதுக்கு முன்னாடி மூலையில இருக்கிற சின்ன தாழ்ப்பாள நகத்தால தள்ளி ஓட்டை தெரியற மாதிரி வைங்க, அப்பதான் அதுல யாரும் எதையும் எழுத முடியாது. அஞ்சேகால் இஞ்ச்ல இது தலைகீழ், அங்க ஓரத்து வெட்ட ஸ்டிக்கரால மூடினாதான் பாதுகாப்பு. அப்புறம் விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேட்டா எத்தன தடவ கேட்டாலும் வேணாம்னே சொல்லுங்க, வீட்ல பசங்க கையில இந்த வேலைய குடுத்தா இந்த ஒண்ண மட்டும் நல்லா சொல்லிக் குடுத்துட்டு குடுங்க.

ஃபைல் ஃபைலா காப்பி பண்ண உக்காராதீங்க. மொத்த ஃப்ளாப்பியையும் ஒரே இமேஜா, அதாவது அச்சு அசல் நகலா ஒரே ஃபைல்ல, எடுங்க. 1.44 எம்பி ஃப்ளாப்பின்னா 2 பக்கம், பக்கத்துக்கு 80 ட்ராக் (வட்டப் பாதை), ட்ராக்குக்கு 18 செக்டார் (துண்டு), செக்டாருக்கு 512 பைட், பெருக்கினா 14,74,560 பைட். உங்க இமேஜ் ஃபைல் இத விட சின்னதா இருந்தா முழுசா வரலன்னு அர்த்தம். லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, அது படிக்க முடிஞ்ச எடத்த மொதல்ல அள்ளிட்டு, முடியாத செக்டார குறிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் திரும்பத் திரும்ப முட்டிப் பாக்கும், நடுவுல நிறுத்தினாலும் விட்ட எடத்துலேருந்து தொடரும். எனக்கு 7ஆம் நம்பர் ஃப்ளாப்பி இந்த ட்ரைவ்ல வரல, இன்னொரு ட்ரைவ்ல போட்டா வந்துருச்சு, ஹெட்டு ஒண்ணுக்கொண்ணு ஒரு மயிரிழை தள்ளி இருக்கும், அதனால ஒரு ட்ரைவ் முடியாதுன்னா உடனே கைய விட்டுராதீங்க.

அஞ்சேகால் இஞ்ச்னா கொஞ்சம் கஷ்டந்தான், பழைய ட்ரைவும் அத யூஎஸ்பியில மாட்ட க்ரீஸ்வீசல் மாதிரி ஒரு போர்டும் வேணும், கை பழகினவங்க கிட்ட குடுக்கிறது நல்லது. பழைய ஐடிஇ (அகல ரிப்பன் கேபிள் மாட்டற) ஹார்ட் டிஸ்க்குன்னா யூஎஸ்பி அடாப்டர் வாங்கிக்கோங்க, டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு தனி 12 வோல்ட் பவர் கண்டிப்பா வேணும், டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிருங்க. சிடி பத்தி பேசினா எனக்கு வயிறு எரியும். பொண்ணோட சின்ன வயசு போட்டோ எல்லாத்தையும் 2003ல சிடியில எழுதி, அழகா ஸ்டிக்கர் ஒட்டி, ஹார்ட் டிஸ்க்லேருந்து அழிச்சுட்டேன், 2012ல எடுத்துப் பாத்தா பாதி போச்சு. இத்தன வருஷம் ஆபீஸ்ல மத்தவங்களுக்கு பேக்கப் பாடம் எடுத்தவன் நான்!

இமேஜ் வந்தாச்சு, உள்ள ஃபைல் இருக்கு, தொறக்கணும். லிப்ரே ஆபீஸ்ங்கிற இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர் ஒண்ணு போதும் பெரும்பாலும். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ டேட்டா ஃபைல அதோட கணக்குத்தாள் பகுதியான கால்க்ல தொறக்கும், லோட்டஸ் கணக்கு ஷீட்டையும் தொறக்கும், அச்சுக்கு பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் ஃபைலும் தொறக்கும். பேஜ்மேக்கர்ல லேஅவுட்டு அங்கங்க குலையும், பரவால்ல, நமக்கு எழுத்துதான் வேணும். வேர்ட்ஸ்டார் ஃபைல நோட்பேட்ல தொறந்தா ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையோட கடைசி எழுத்து மட்டும் பேய் புடிச்ச மாதிரி தெரியும், கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, அது அந்தக் காலத்துல ஒரு எழுத்துக்கான எட்டு பிட்டுல எட்டாவது பிட்ட வேற வேலைக்கு வச்சுக்கிட்டதால வர்றது, அந்த பிட்ட மட்டும் எடுத்துட்டா சரியாயிரும்.

இப்பதான் அசல் தலைவலி. ஃபைல் தொறந்துருச்சு, தமிழக் காணோம். அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்கு தமிழ்னு ஒண்ணு தெரியாது, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் படத்த வச்சு ஏமாத்தினோம், ஃபான்ட் இல்லன்னா குட்டு வெளிப்பட்டுரும். பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அம்மான்னு அடிச்சிருந்தா எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு தெரியும். அதனால வெறும் இங்கிலீஷ் எழுத்தா கொழகொழன்னு இருந்தா பாமினி வகை, தலையில கொம்பு வச்ச ஐரோப்பிய எழுத்தா இருந்தா டேப், டேம், இல்ல திஸ்கிங்கிற பழைய தமிழ்க் குறியீட்டு முறை. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு டேப், டேம் ரெண்டையும் தரம்னு அறிவிச்சுது, 2010ல யூனிகோடுக்கு மாறினாங்க, அதுக்கு முன்னாடி அடிச்சதுல பெரும்பாலும் இந்த மாதிரி ஏதாவது ஒரு பூட்டுக்குள்ளதான் இருக்கும். ஊகிக்கவே வேணாம், எழுத்த செலக்ட் பண்ணிட்டு மேல ஃபான்ட் பேரப் பாருங்க, ஃபான்ட் உங்க மெஷின்ல இல்லன்னாலும் பேரு மட்டும் அங்க இருக்கும். பேர் தெரிஞ்சா என்ஹெச்எம் கன்வெர்ட்டர்ங்கிற எழுத்து மாத்தற புரோகிராம்ல அந்த வகையத் தேர்ந்தெடுத்து மாத்திரலாம், இலவசம்தான்.

மாத்தறதுக்கு முன்னாடி ஆட்டோகரெக்ட்ட (தானா திருத்தற வசதிய) ஆஃப் பண்ணுங்க. பாமினியில சின்ன எம் அ, பெரிய எம் ஆ. ஏதோ ஒரு எழுத்த திருத்தி ஸ்பேஸ் தட்டினீங்கன்னா அது வாக்கியத்தோட மொத எழுத்த பெருசாக்கிரும், அம்மா ஆம்மா ஆயிரும். அதே மாதிரி நடுவுல நெஜ இங்கிலீஷ் வரி இருந்தா அத தனியா ஒதுக்கி வைங்க, இல்லன்னா அதையும் தமிழாக்கி கந்தரகோலம் பண்ணிரும்.

மாத்தினப்புறம் ரெண்டு எடத்த கண்ணால பாத்தே ஆகணும். பழைய முறையில கொம்பு, க, ள மூணும் தனித்தனி படம், அது கௌவா கெளவான்னு மெஷினுக்கு தெரியாது. எங்க சித்தி பேரு கௌரி, மாத்தின ஃபைல்ல கௌரின்னு தேடினா ஒண்ணுமே வரல, எல்லாம் கெளரியா இருந்துச்சு. பாக்க ஒரே மாதிரிதான், உள்ள வேற வேற. சரின்னு அவசரத்துல கெள எல்லாத்தையும் கௌ ஆக்கறேன், வெள எல்லாத்தையும் வௌ ஆக்கறேன்னு ரீப்ளேஸ் ஆல் குடுத்தா வெளியே போனான் வௌியே போனான் ஆயிரும், நெட்ல இப்பவும் பல எடத்துல இந்த வௌிய பாக்கலாம். ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க. இன்னொண்ணு, ர் அடிக்க வேண்டிய எடத்துல கால் போட்டு புள்ளி வச்சிருப்பாங்க, அவர் அவா் ஆகியிருக்கும், இத மட்டும் தைரியமா ரீப்ளேஸ் ஆல் குடுக்கலாம், காலுக்கு மேல புள்ளி வர்ற வார்த்தை தமிழ்ல கெடையாது.

முடிஞ்சதும் யூனிகோடுல வெறும் டெக்ஸ்ட் ஃபைலா ஒண்ணு சேமிங்க, அழகு பண்ணினது வேணும்னா தனியா வச்சுக்கோங்க. மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாமான்ல, ஒண்ணு வேற ஊர்ல, என்னோடது ஒண்ணு தம்பி வீட்ல இருக்கு. பென்டிரைவ்ல மட்டும் வச்சுட்டு அலமாரியில பூட்டிட்டு மறந்துராதீங்க, அது கரன்ட் பாக்காம வருஷக்கணக்கா கெடந்தா தானா மறக்கும். இமேஜ் ஃபைலையும் அழிக்காதீங்க, நாளைக்கு இன்னும் நல்ல கன்வெர்ட்டர் வந்தா மறுபடி அங்கேருந்து ஆரம்பிக்கலாம்.

11ல 9 முழுசா வந்துச்சு, ஒண்ணு பாதி, ஒண்ணு போயே போச்சு. ஊர்க் கதைய பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து சித்தி கையில குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு மொத பக்கத்துலயே ஒரு எழுத்துப்பிழைய கண்டுபிடிச்சு விரல வச்சாங்க. மூல ஃபைலப் போய் பாத்தேன், கன்வெர்ட்டர் பண்ணினது இல்ல, சித்தப்பாவே பண்ணினது. "அது அப்படியே இருக்கட்டும்டா"ன்னாங்க.