மின்வெட்டு நேரத்தில் மீன்தொட்டிக்கு முதலில் காற்று

மின்சாரம் போனதும் மீன்களுக்கு முதலில் குறைவது ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். சென்னை வெயிலில் 30 டிகிரியைத் தொட்ட தண்ணீரில் ஏழரைதான். அதனால் விளக்கு, ஹீட்டர் எல்லாம் கிடக்கட்டும். காற்று பம்ப் ஓடட்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மீன்தொட்டியின் பிளக் அந்த லைனில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே கொடுத்திருப்பார்கள். சிறிய பம்ப் இழுப்பது 3 முதல் 5 வாட். எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் ஒரு பாயின்ட் மாற்றித் தருவார்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு யுஎஸ்பி காற்று பம்ப்பும் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கும் ஓர் இரவைத் தாண்டவைக்கும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பம்ப்பைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: பம்ப் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், சில பவர் பேங்க்குகள் வேலை முடிந்ததென்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிச் சோதித்துவிடுங்கள். 2016 வர்தா புயலில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால், அது நின்றதும் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி வரும். மின்சாரம் வரும்வரை தீனி வேண்டாம். கையில் எதுவுமே இல்லையென்றால் மக்கில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள், கை வலித்தாலும்.

பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் வடிகட்டி) அப்படியே ஓட்டாதீர்கள். உள்ளே தேங்கிக் கெட்ட நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள்.