ஃபிளாம்பார்ட் மேல் பழி போடும் முன்: நார்மன் அரசரின் கஜானாவைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்கால இங்கிலாந்து பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஆண்டைத் தப்பாகப் போடுவது, முதலாம் வில்லியத்தையும் இரண்டாம் வில்லியத்தையும் குழப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை சரிபார்த்தால் அதெல்லாம் போய்விடும். ஆனால் அரசரின் பணம், அதில் ஆலோசகர்களின் கை என்று வரும்போது, நாங்கள் எல்லாம் அந்த வயதில் எழுதியதையே புதியவர்களும் திரும்ப எழுதுகிறார்கள்.

உதாரணத்துக்கு இரண்டாம் வில்லியத்தையே எடுத்துக்கொள்வோம். ரூஃபஸ் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர், 1087 முதல் 1100 வரை ஆண்டவர். அவருக்காகப் பணம் திரட்டியவர் ரானுல்ஃப் ஃபிளாம்பார்ட், கடலுக்கு அப்பால் பிரான்ஸ் பக்கம் இருந்த நார்மண்டியின் பாயூ பகுதியைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மகன்.

பவுண்டு நாணயம்

அப்படி ஒரு நாணயமே அப்போது கிடையாது. கையில் புழங்கியது வெள்ளிப் பென்னி. 240 பென்னி ஒரு பவுண்டு, 160 பென்னி ஒரு மார்க்; இரண்டும் கணக்கில் மட்டும் இருந்தவை.

ஆலோசகரை வில்லனாக்கி அரசரை மறந்துவிடுவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி ஒரு முழு அத்தியாயத்தையும் ஃபிளாம்பார்ட்டுக்கே ஒதுக்கியிருந்தார். அவர் கசக்கிப் பிழிந்த தேவாலயங்கள், அவர் ஏற்றிய வரிகள், அவருடைய பேராசை என்று பக்கம் பக்கமாக இருந்தது. "சரிம்மா, இந்தப் பணமெல்லாம் கடைசியில் யார் பெட்டிக்குப் போச்சு?" என்று கேட்டேன். "ராஜா பெட்டிக்குத்தான் சார்" என்றார். அந்த ராஜா அத்தியாயத்தில் எங்கேயுமே இல்லை. அதை அடியோடு மாற்றி எழுத வேண்டியிருந்தது. கெடு தேதியும் தாண்டிவிட்டது. உழைப்பில் குறை இல்லை. பார்த்த கோணம்தான் தப்பு.

இப்படி ஆவதற்குக் காரணம், நமக்குக் கிடைக்கும் சாட்சிகள் பெரும்பாலும் துறவிகள். ஒரு பேராயரோ மடாதிபதியோ இறந்துவிட்டால் அந்தத் திருச்சபையின் நிலங்கள் அரசரின் பொறுப்புக்கு வந்துவிடும். துறவிகளின் சாப்பாட்டுக்கு ஒதுக்கியதுபோக மீதி வருமானம் அரசருக்கு. அடுத்தவரை நியமிக்காமல் எவ்வளவு காலம் இழுக்கிறாரோ அவ்வளவு வரவு. கான்டர்பரி பேராயர் லான்ஃப்ராங்க் 1089 மே மாதம் இறந்தார். ரூஃபஸ் 1093இல் நோயில் விழுந்து, சாவு பயம் வந்த பிறகுதான் ஆன்செல்மை அந்த இடத்துக்கு நியமித்தார். ஆன்செல்ம் பேராயராகப் பொறுப்பேற்ற நாளிலேயே அரசர் சார்பில் அவர்மேல் வழக்கோடு வந்து நின்றவர் ஃபிளாம்பார்ட். அதை எழுதிவைத்த ஈட்மர் ஒரு கான்டர்பரி துறவி, ஆன்செல்முடன் கூடவே இருந்தவர். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பறிகொடுத்தவரின் வாக்குமூலத்தை வரவுசெலவுக் கணக்காக வாசிக்கக் கூடாது. பண்ணையார் வாங்கிய வாரத்துக்குக் கணக்குப்பிள்ளையை மட்டும் திட்டுவது போன்றது அது.

1094இல் நடந்த ஒன்றைப் பாருங்கள். நார்மண்டியை ஆண்ட அண்ணன் ராபர்ட்டுடன் அரசருக்குச் சண்டை. இங்கிலாந்திலிருந்து 20,000 காலாட்களை அனுப்பச் சொல்லி அரசர் ஆணையிட்டார். அவர்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும், வழிச்செலவுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பணத்தில் ஆளுக்குப் பத்து ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அதாவது அரைப் பவுண்டு. 20,000 பேர் என்ற எண்ணிக்கையை அப்படியே நம்பினால் 10,000 பவுண்டு. ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளை எழுதிவைத்த ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு இதைச் சொல்லும் இடத்தில் ஃபிளாம்பார்ட்டின் பெயரே இல்லை. வூஸ்டர் மடத்துத் துறவி ஜான் எழுதிய வரலாற்றில்தான் அவர் வருகிறார்; அங்கேயும் 'அரசரின் ஆணைப்படி' என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. என் மாணவி எடுத்தெழுதியபோது விட்டுப்போனது அந்த இரண்டு சொற்கள்தான்.

1096இல் ராபர்ட் சிலுவைப் போருக்குப் போகப் பணம் தேவைப்பட்டது. நார்மண்டியைத் தம்பியிடம் 10,000 மார்க்குக்கு அடகு வைத்தார். அந்தத் தொகைக்காக இங்கிலாந்தில் நிலத்துக்கு ஹைடு (வரி போட அன்று பயன்பட்ட நில அலகு) ஒன்றுக்கு நான்கு ஷில்லிங் வரி விழுந்தது. தேவாலயங்களில் இருந்த வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன. நார்மண்டி வேண்டும் என்ற ஆசை அரசருடையது.

அப்படியானால் ஃபிளாம்பார்ட் செய்தது ஒன்றுமே இல்லையா? நிறையச் செய்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததை அவர் ஒரு முறைக்குள் கொண்டுவந்தார். ஆளில்லாத திருச்சபை நிலங்களைக் குத்தகைக்கு விட்டார், வழக்கு மன்றங்களை வருமானம் தரும் இடமாக்கினார், வாரிசுகளிடம் கறாராக வசூலித்தார். ரூஃபஸ் இறந்த அன்று கான்டர்பரி, வின்செஸ்டர், சாலிஸ்பரி ஆகிய மூன்று ஆயர் பதவிகளின் நிலங்களும் பதினொரு மடங்களும் அரசர் கையில் இருந்தன. ஆலோசகரின் செல்வாக்கு என்று நீங்கள் எழுத வேண்டியது இந்த வேலைத்திறனைத்தான், அவருடைய குணத்தை அல்ல. பின்னாளில் டரம் ஆயராக அதே மனிதர் அங்கே தொடங்கியிருந்த தேவாலயக் கட்டுமானத்தைத் தொடர்ந்தார், ஆற்றுக்குப் பாலம் போட்டார்.

ஆலோசகர் போனால் வசூல் நின்றதா என்று பார்ப்பது நல்ல சோதனை. 1100இல் பட்டத்துக்கு வந்த ரூஃபஸின் தம்பி முதலாம் ஹென்றி, ஃபிளாம்பார்ட்டை லண்டன் கோபுரத்தில் அடைத்தார். ஆயர் இறந்தால் திருச்சபை நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ மாட்டேன் என்று முடிசூட்டுச் சாசனத்தில் எழுதியும் கொடுத்தார். 1109இல் ஆன்செல்ம் இறந்தார். கான்டர்பரிக்கு அடுத்த பேராயர் தேர்வானது 1114இல். ஃபிளாம்பார்ட் அப்போது டரமில் ஆயராக இருந்தார்; ஆனாலும் அரசரின் வசூல் நிற்கவில்லை.

பதவிப் பெயர் சூட்டுவது

'நிதியமைச்சர் ஃபிளாம்பார்ட்' என்று எழுதாதீர்கள். அவர் அரசரிடம் வேலை பார்த்த பாதிரிமார்களில் ஒருவர். அரசர் நம்பியதால் அதிகாரம் வந்தது. கட்டம் போட்ட துணி விரித்துக் கணக்குப் பார்க்கும் எக்ஸ்செக்கர் என்ற அரசுக் கணக்கு அவைக்கு ஆதாரம் ஹென்றி காலத்தில்தான் கிடைக்கிறது. ரூஃபஸ் காலத்தில் கஜானா வின்செஸ்டரில் இருந்தது. 1100 ஆகஸ்ட் 2 அன்று ரூஃபஸ் வேட்டையில் அம்பு பட்டு இறந்ததும், ஹென்றி நேராக அங்கேதான் குதிரையை விட்டார்.

இன்றைய ரூபாயில் எவ்வளவு?

வேண்டாம்.

நல்ல ஆலோசகர் ரோஜர்

ஃபிளாம்பார்ட்டைத் திட்டி முடித்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் சாலிஸ்பரி ஆயர் ரோஜரைப் புகழ ஆரம்பிப்பார்கள். ஹென்றியின் நிர்வாகத்தை நடத்தியவர், எக்ஸ்செக்கரை வளர்த்தவர் என்பதெல்லாம் சரி. ஆனால் எக்ஸ்செக்கர் எப்படி நடந்தது என்று விளக்கி, அதில் ரோஜரை உயர்த்திப் பேசும் நூலை எழுதிய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் யார்? ரோஜருடைய உடன்பிறந்தவர் வழிப் பேரன். அங்கே துறவிகளின் வயிற்றெரிச்சல் என்றால் இங்கே சொந்தக்காரரின் பெருமிதம்.

அதனால் ரோஜரைப் பற்றி எழுதும்போது பக்கத்திலேயே 1130ஆம் ஆண்டின் எக்ஸ்செக்கர் கணக்குச் சுருளையும் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மிஞ்சியிருப்பவற்றில் அதுதான் மிகப் பழையது. அதில் வரவேண்டியது வேறு, வந்தது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். செஸ்டர் சீமாட்டி லூசியின் பதிவைத் தேடிப் படியுங்கள். கணவர் இறந்தபின், ஐந்தாண்டுக்குத் தன்னை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தாமல் இருப்பதற்காக அவர் அரசருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 500 மார்க். விதவைகளை அவர்கள் விருப்பமில்லாமல் மணம் முடித்துக் கொடுக்க மாட்டேன் என்று 1100 சாசனத்தில் எழுதிக் கொடுத்தவரும் இதே ஹென்றிதான்.