உயிலுக்குச் சாட்சியாக மருமகனைக் கூப்பிடாதீர்கள்

உயிலில் பங்கு பெறாத, பங்கு பெறுபவரின் கணவனாகவோ மனைவியாகவோ இல்லாத இருவரைச் சாட்சியாகப் பிடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வேலையிடத்து நண்பரும் போதும்.

மலேசியாவின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, சாட்சிக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு மருமகனைச் சாட்சியாக்கினால் உயில் நிற்கும், மகளின் வீடு மட்டும் போய்விடும். பல குடும்பங்களுக்கு இது அப்பா போன பிறகுதான் தெரியவருகிறது, அப்போது உயிலைத் திருத்த வழியே இல்லை. "மீதச் சொத்து இன்னாருக்கு" என்ற வரியும் இல்லாவிட்டால், அந்த வீடு உயில் இல்லாத சொத்தாகப் பங்கிடப்படும்.

நீங்கள் கையெழுத்திடும்போது இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் எதிரில் இருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் போட வேண்டும். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரியையும் எழுதி வாங்குங்கள், பின்னால் தேட உதவும். உயிலை நிறைவேற்றுபவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் பங்கு இல்லாவிட்டால் அவரே சாட்சியாகலாம்.

முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முஸ்லிம் அல்லாதவர் வாரிசு நியமித்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணமும் உயில் வழியாகப் போகாது, அதைத் தனியாகச் சரிபாருங்கள்.