காய்ந்துபோன பழைய தோல் வாரை மீட்டெடுப்பது எப்படி?

எங்கள் ஊரில் ஒரு பழைய சலூனை மூடியபோது, சுவரில் தொங்கிய தோல் வாரை எனக்குக் கொடுத்தார்கள். சவரக்கத்தி தீட்டுகிற வார். ஒரு பக்கம் மாட்டுத்தோல், மறுபக்கம் கித்தான். எல்லா சலூனிலும் மாற்று பிளேடு வந்தபிறகு இதைத் தொட ஆளில்லை. கையில் வாங்கியபோது அட்டை மாதிரி விறைத்திருந்தது. இப்போது தினமும் அதில்தான் தீட்டுகிறேன். உங்களிடமும் ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில், தேறுமா என்று பாருங்கள். நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பழுப்புத் தூளாக உதிர்ந்துகொண்டே இருந்தால் தோல் உள்ளுக்குள்ளேயே செத்துவிட்டது, எந்த எண்ணெயும் அதை மீட்காது. மெல்லிய சுருக்கக் கோடுகள் இருந்தால் கவலையில்லை. குறுக்கே ஆழமாக வெடித்திருந்தால் மட்டும் வேண்டாம். கத்தியின் வாய் அதில் மாட்டும்.

அடுத்தது அழுக்கு. பூஞ்சை படிந்திருந்தால் மூக்கை மூடிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துக் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு ஷேவிங் சோப்பைக் கெட்டியாக நுரைத்து, நுரையை மட்டும் தோலில் தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரில் முக்கவே கூடாது. முதல் தடவை துணியில் வந்தது கறுப்பு மை போலிருந்தது: பல வருட இரும்புத் துகள், பழைய எண்ணெய், கை அழுக்கு. மூன்றாம் தடவையில்தான் தோலின் நிறமே தெரிந்தது. கித்தான் தனியாகக் கழன்று வந்தால் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துத் துவைத்து, இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். தோலைச் சமதளத்தில் வைத்து நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடவேண்டும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், தோல் சுருங்கி வளைந்துவிடும்.

வெட்டுக்காயங்கள் நிச்சயம் இருக்கும். தூக்கி நிற்கும் தோல் செதிலை, செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷனைத் துளி தடவி அழுத்தி ஒட்டுங்கள். காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, மேடு மட்டும் மறையும்வரை தேய்த்து, 400, 600 என்று முடியுங்கள். ஓரத்து வெட்டுகளைச் சமன்செய்தால் போதும். காயமே இல்லாத இடத்தில் உப்புத்தாளை வைக்காதீர்கள். அந்த வழவழப்பு வர எத்தனை வருடமாகியிருக்கும்!

இப்போது எண்ணெய். இங்கேதான் நிறையப் பேர் வாரைக் கெடுக்கிறார்கள். நானும் முன்பு ஒரு வாரில் தாராளமாக ஊற்றினேன். ஸ்பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அழுத்தினால் குழிகிற தோல் கத்தியின் வாயைச் சுற்றி ஏறும், கூர் மழுங்கிவிடும். குதிரைச் சேணத்துக்குப் போடும் நீட்ஸ்ஃபுட் ஆயில் வாங்குங்கள். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது அது. ஐந்தாறு சொட்டு உள்ளங்கையில் விட்டு, வார் முழுக்கப் பரப்பி, ஓர் இரவு விடுங்கள். மறுநாளும் விறைப்பு இருந்தால் மட்டும் இன்னொரு தடவை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஷூ பாலிஷ் எதுவும் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுக்கும், சிக்குவாடை அடிக்கும்.

அப்புறம் உள்ளங்கை வேலை. வாரை ஒரு முனையில் மாட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுவித் துடைத்த உள்ளங்கையால் தினமும் ஐந்து நிமிடம் மேலும் கீழும் வேகமாகத் தேயுங்கள். கை சூடேறும், அந்தச் சூட்டில் எண்ணெய் சீராகப் பரவும். நான்காம் நாள் எனக்கு வித்தியாசம் கையிலேயே தெரிந்தது: வழுக்கிக்கொண்டு போன உள்ளங்கையை தோல் லேசாகப் பிடித்து இழுத்தது. இந்தப் பிடிப்பு வந்தால் வார் தயார். எண்ணெயைவிட இந்த உள்ளங்கையைத்தான் நான் நம்புகிறேன்.

உடனே கத்தியை எடுக்காதீர்கள். வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியில் ஒரு வாரம் பழகுங்கள். கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், வாய் பின்னால் வரவேண்டும். முனையில் திருப்பும்போது முதுகின்மேலேயே உருட்டித் திருப்புங்கள். அவசரத்தில் வாயின்மேல் திருப்பினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது வெட்டு விழும். கை பழகியதும் கித்தானில் இருபது முறை, தோலில் ஐம்பது முறை, அழுத்தாமல், கத்தியின் எடையோடு மட்டும். கூர் ஏற்றுவதற்குத் தடவும் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசையை இந்தத் தோலில் தடவாதீர்கள். அதற்கு வேறொரு தோல் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சுருட்டாமல், மடிக்காமல், ஆணியில் நேராகத் தொங்கவிடுங்கள்.